பழுதே பார்க்காத சங்கம்

பாரிஜாத லேஅவுட்டில் எந்தச் சாமானும் கெட்டுப்போகக் கூடாது என்று விதி கிடையாது. கெட்டுப்போனதாக யாரும் சொல்லக் கூடாது என்பதுதான் விதி. இந்த வித்தியாசம் தாரணிக்கு விளங்கியது, அவள் வீட்டுக் கார் ஷெட்டின் ரோலிங் ஷட்டரில் ஸ்பிரிங் அறுந்த பிறகு.

தாரணி பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் மாருதி வேன் வைத்திருந்தாள். ஓட்டுவதும் அவளேதான். மைசூரில் தொண்ணூறுகளின் நடுவில் அது நாலு பேர் நின்று திரும்பிப் பார்க்கிற காரியம். ஆனால் பிள்ளையைப் பெற்றவர்கள் 'தாரணி அக்கா வேன்' என்றால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார்கள். லேஅவுட்டுப் பிள்ளைகள் தெருமுனையில் நிற்க மாட்டார்கள். நேரே ஷெட் வாசலுக்கு வந்து, ஷட்டர் முழுதாக ஏறுவதற்குள் குனிந்து உள்ளே ஓடி, முன்சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள். ஆவணி மாதத்தில் ஒரு காலை, ஒன்றாம் வகுப்பு வைஷாலி அப்படிக் குனிந்து ஓடினாள். அவள் உள்ளே போன மறுகணம், மேலே வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஷட்டர் மொத்தமும் தடாலென்று தரையில் வந்து இறங்கியது. வைஷாலியின் புத்தகப்பை வார் அடியில் மாட்டிக்கொண்டது. வைஷாலி உள்ளே இருந்து சிரித்தாள். வார் கிடந்த இடத்தில் கழுத்து இருந்திருந்தால் என்ற இடத்துக்கு மேல் தாரணியின் யோசனை அன்று முழுக்க நகரவில்லை.

அதன் பிறகு ஷட்டர் கனத்துவிட்டது. ஒரு கை கொடுத்தால் தானே சுருண்டு ஏறிக்கொண்டிருந்ததை இப்போது இரண்டு கையாலும் தம் கட்டித் தூக்க வேண்டியிருந்தது. தூக்கினாலும் நிற்காது. ஒரு சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். பிள்ளைகளை ஷெட் பக்கமே வரக்கூடாது என்றாள். பிள்ளைகளா கேட்கும்? கம்பு வந்ததிலிருந்து ஷெட் அவர்களுக்கு இன்னும் ருசிகரமாகிவிட்டது.

டயர் ஃபாக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கும் அவள் கணவன் கணேஷ்குமார் மேலே எட்டிப் பார்த்தான்.

"இதென்ன பெரிய வெவகாரமா புள்ள? மண்டி மொஹல்லாவுல ஜடையன்னு நம்ம கொள்ளேகாலத்துப் பக்கத்து ஆளு ஒருத்தன் இருக்கறான். வரச்சொல்றேன்."

"நான்தான் ரொம்ப இழுத்து ஒடச்சுட்டனோ என்னமோங்க" என்றாள் தாரணி. அவள் சுபாவம் அப்படி. குக்கர் விசில் அடிக்காவிட்டாலும் தன்மேல்தான் முதலில் சந்தேகப்படுவாள்.

ஜடையன் ஏணியோடு வந்தான். ஏறிப் பார்த்தான். மீசையைத் தடவிக்கொண்டான்.

"ஸ்பிரிங்கு செத்துப்போச்சுங்கக்கா. செத்ததுக்கு வைத்தியம் இல்ல, மாத்தோணும். அடிப்பட்டி துருவேறி அப்பளமாட்டம் இருக்குது, அதையும் மாத்தோணும். மத்த பட்டியெல்லாம் தட்டி நிமித்திக்கலாம். மத்தியானச் சோத்துக்குள்ள முடிச்சுப்போட்டு, சுண்டுவெரல்ல தூக்கற மாதிரி குடுக்கறேன். மைசூர் அரமனைக்கே ஷட்டர் போட்டவன் நானு."

"அரமனையில எங்க இருக்குது ஷட்டரு?"

"இருந்தா நாந்தான் போட்டிருப்பேன்."

எதை மாற்றுவது, எதைச் சரிசெய்வது என்ற விஷயத்தில் மனிதன் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். அறுந்ததை மாற்ற வேண்டும், வளைந்ததை நிமிர்த்த வேண்டும். இதற்கு மேல் ஒன்றுமில்லை. பாரிஜாத லேஅவுட் குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த ஒன்றுமில்லாததன்மேல்தான் இரண்டு உபகமிட்டிகளைக் கட்டி எழுப்பியிருந்தது.

ஜடையன் முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்ததும் விசில் சத்தம் கேட்டது. சங்கத்துக் காவலாளி மல்லப்பன் ஓடிவந்தான். குண்டலுபேட்டைக்காரன். தமிழும் கன்னடமும் அவன் வாயில் ஒரே வண்டியில் ஏறி வரும்.

"ஏய், ஏணி எறங்கு! அக்கா, யாரைக் கேட்டுத் தொட்டீங்க? ஷட்டரு உங்களுது அல்ல."

"எங்க வீடுதான மல்லப்பா?"

"வீடு உங்களுது. ஷெட்டு உங்களுது. உள்ள நிக்கற வண்டி உங்களுது. ஷட்டர் மாத்ர சங்கத்துது. பர்மிஷன் இல்லாம கை வச்சா ஷெட்டையே கேன்சல் மாடிடுவாங்க. நான் என்ன மாடலி அக்கா, ரூல்ஸு."

உண்மைதான். லேஅவுட் போட்ட காலத்தில் தெரு முழுக்க ஒரே பச்சை நிறத்தில் இருந்தால்தான் லட்சணம் என்று சங்கமே எல்லா ஷட்டர்களையும் மொத்தமாக வாங்கி மாட்டியது. வண்டிகளை இரவில் தெருவில் நிறுத்தினாலும் லட்சணம் கெடும் என்று அதற்கும் ஒரு தடை. மேஸ்திரியாக இருந்த கணேஷ்குமாரின் அப்பா கடைக்கோடி வீட்டை வாங்கியபோது இதிலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஜடையன் ஏணியை மடக்கினான். "அரமனையில இந்தக் கஷ்டம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சங்க ஆபீஸ் பழைய பம்ப் ரூமில் நடந்தது. பம்ப் ஓடாமல் போனபோது அதைக் கழற்றவில்லை, 'ஓய்வில்' வைத்திருந்தார்கள். தலைவரின் நாற்காலிக்குப் பக்கத்தில், மேலே ஒரு துணி போர்த்தி, அதுவும் ஒரு கமிட்டி உறுப்பினர்போல உட்கார்ந்திருந்தது. சங்கத்தில் எல்லா மொழிக்காரர்களும் உண்டு. கன்னடக்காரர் கேட்டால் கன்னடத்தில் மறுப்பார்கள், தமிழர் கேட்டால் தமிழில் மறுப்பார்கள். அந்த விஷயத்தில் சங்கம் யாரையும் பேதம் பார்த்தது கிடையாது.

தலைவர் செலுவநாராயணன் ஒரு கல்லூரியில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலுகோட்டைப் பூர்வீகம். அவருக்கு வலப்பக்கம் பழுதுபார்ப்பு உபகமிட்டித் தலைவர் இராமச்சந்திரன், முன்னாள் எஞ்சினியர். இடப்பக்கம் மாற்றீடு உபகமிட்டித் தலைவர் செந்தில்நாதன், முன்னாள் பேங்க் மானேஜர். மூவருக்கும் பின்னால் சுவரில் ஒரு பெரிய கேடயம்.

"உக்காரும்மா" என்றார் தலைவர். "ஷட்டர் கெட்டுப்போச்சுங்கறே. அது உன்னோட அபிப்ராயம். அபிப்ராயத்தை வச்சுண்டு சங்கம் நடத்த முடியாது. மொதல்ல இது ரிப்பேரா, ரீப்ளேஸ்மெண்டான்னு தீர்மானமாகணும்."

"ஸ்பிரிங் அறுந்துருச்சுங்க சார். புள்ளைங்க வந்து போற எடம்…"

"பிள்ளைகள் விஷயம் அஜெண்டாவுலே இல்லை" என்றார் இராமச்சந்திரன். "நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. தூக்கினா ஏறறதா?"

"ஏறுதுங்க சார். ஆனா நிக்கறதில்லை."

"ஏறறதோல்லியோ? அப்போ ஓடிண்டிருக்கற சாமான். ஓடற சாமானை ரிப்பேர் பண்றேன்னு கை வச்சா கெட்டுப்போகும். முப்பது வருஷ சர்வீஸ்லே நான் கத்துண்டது அது ஒண்ணுதான்."

தாரணி செந்தில்நாதனைப் பார்த்தாள். அவர் முகத்தில் கருணை வழிந்தது.

"ஏறவே இல்லைன்னா அது என் டிபார்ட்மெண்ட்மா. தாராளமா மாத்திக் கொடுப்பேன். ஆனா முழுசா டெட்னு இன்ஸ்பெக்‌ஷன்ல தெரியணும். ஷட்டரோட உள்பக்கமும் பாக்கணும். அதனால இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு நீங்க அதைத் திறந்து காட்டணும்."

"தொறக்கலைன்னா?"

"இன்ஸ்பெக்‌ஷன் நடக்காது."

"தொறந்தா?"

"திறந்தா அது டெட் இல்லையேம்மா!" என்று அவர் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சிரித்தார்.

தாரணி வீடு வந்து சேரும்வரை இதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். தனக்குத்தான் எங்கோ புரியவில்லை என்று தோன்றியது. படித்தவர்கள் மூன்று பேர் ஒரே மாதிரி தப்பாகச் சொல்வார்களா? மறுநாள் மல்லப்பனைப் பிடித்துக் கேட்டாள்: "இதுக்கு முன்னாடி யாருக்குமே ரிப்பேர் பண்ணிக் குடுத்ததில்லையா?"

"எங்க அக்கா! கொடுத்தா ஷீல்டு ஹோயித்து, கையை விட்டுப் போயிடும்."

சுவரில் பார்த்த கேடயத்தின் கதை அப்போதுதான் வெளியே வந்தது. மாவட்டக் குடியிருப்போர் சம்மேளனம் என்று ஒன்று. ஆண்டுதோறும் தசராவில், மிகக் குறைவாகப் பழுது கண்ட லேஅவுட்டுக்கு 'பழுதில்லாப் பேட்டை' என்ற சுழற்கேடயம் கொடுக்கிறது. பாரிஜாத லேஅவுட் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பழுதும் காணவில்லை. ஆகவே கேடயம் சுழல்வதையே மறந்து ஆணியில் துருப்பிடித்துத் தொங்கியது. தெருவிளக்கு எரியாவிட்டால் அது சிக்கனம். சாக்கடைப் பலகை உடைந்தால் அது காற்றோட்டம். போன மழையில் இடிந்த காம்பவுண்டுச் சுவர் 'பார்வைக்குத் திறந்துவிடப்பட்ட பகுதி' ஆயிற்று. அங்கே பெஞ்சும் போட்டுவிட்டார்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் நாள் வந்தது. மல்லப்பன் மூன்று நாற்காலிகளை ஷெட் முன்னால் போட்டான். இராமச்சந்திரன் எழுந்து வந்து, பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி ஷட்டரை அங்கங்கே விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"சத்தம் நன்னா இருக்கே. திற பார்க்கலாம்."

தாரணி தூக்கினாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. மார்புக்கு மேல் ஏற்றித் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

"பாருங்கோ, எவ்வளவு ஸ்மூத்தா போறது!" என்றார் இராமச்சந்திரன்.

"சார், கொஞ்சம் சீக்கிரம் பாருங்க சார்."

"அவசரப்படாதேம்மா. அவசரத்துலே பண்ற இன்ஸ்பெக்‌ஷன் செல்லாது." மூவரும் குனிந்து உள்ளே போனார்கள். சேனலைப் பார்த்தார்கள், வேனைப் பார்த்தார்கள், வேனுக்குள் பிள்ளைகள் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களைப் பார்த்துக் குழந்தைகளின் கற்பனையைப் பற்றிச் சற்று நேரம் பேசினார்கள். வெளியே வரும்போது செந்தில்நாதனின் கண் ஓரமாகச் சாய்த்திருந்த சவுக்குக் கம்பில் விழுந்தது.

"இது என்னம்மா?"

"முட்டு சார். அது இல்லைன்னா விழுந்துரும்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இராமச்சந்திரன் பையிலிருந்து மங்கிப்போன ஒரு வரைபடத்தை விரித்தார். மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாகத் தேடினார்.

"ஒரிஜினல் டிராயிங்லே கம்பே கிடையாது. அங்கீகாரம் இல்லாத பாகம்! இதைச் செருகினதுனாலதான் ஷட்டருக்குப் பிரச்சினையே. மல்லப்பா, எடுத்துண்டு போ."

"சார், அப்ப ஷட்டர் எப்படி நிக்கும்?"

"ஷட்டர்னா ஏறணும், எறங்கணும். நிக்கணும்னு எந்த ரூல்லயும் சொல்லலை."

மறுநாள் தாரணி வேறு கம்பு வாங்கினாள். அதுவும் போயிற்று. கடப்பாரையை வைத்தாள், போயிற்று. அயர்ன் செய்கிற மேசையை நிறுத்தி வைத்தாள், மல்லப்பன் தலையைச் சொறிந்துகொண்டே அதையும் தலையில் தூக்கினான். "பேஜாராகாதீங்க அக்கா, பம்ப் ரூம்ல ஒக்கார எடமில்லை, நானே இனிமே இந்த மேசை மேலதான் படுக்கணும்." கணேஷ்குமாருக்கு மதிய ஷிப்ட் இருக்கும் வாரங்களில் காலையில் அவன் தூக்கிப் பிடிப்பான். காலை ஷிப்ட் வாரங்களில் தாரணியே தூக்கி, தோளால் தாங்கி, மல்லப்பன் அந்தப் பக்கம் வந்தால் அவனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வண்டியை வெளியே எடுப்பாள். பிள்ளைகள் வருவதற்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று பொழுது விடிவதற்குள் எழுந்தாள். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து அவர்களும் முன்கூட்டியே வரத் தொடங்கினார்கள்.

இப்படியே ஆயுத பூஜை வந்துவிட்டது.

மைசூரில் ஆயுத பூஜையன்று சந்தனம் வைக்காத இரும்பே இருக்காது. சைக்கிள், தையல் மிஷின், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு. பாரிஜாத லேஅவுட்டில் அதோடு எல்லா ஷட்டர்களுக்கும் சங்கச் செலவில் பூஜை. பூஜை போட்ட பொருள் அடுத்த பூஜைவரை நல்ல நிலையில் இருப்பதாகவே கொள்ளப்படும் என்று ஒரு தீர்மானமும் உண்டு. சம்மேளனத்தின் நடுவரையும் அன்றைக்கே அழைத்துவிடுவார்கள். சந்தனம் பூசியிருக்கும்போது துரு தெரியாது.

அந்த வருடம் விழா மேடையாகத் தலைவர் தேர்ந்தெடுத்தது தாரணியின் ஷெட்டை. "மனக்குறை உள்ள எடத்துலேதான் மங்களம் பண்ணணும்" என்றார். ஷட்டர் முழுக்கச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. நடுவருக்கு நாற்காலி, தலைக்கு மேலே தோரணம். பூஜை நேரத்தில் ஷட்டர் திறந்திருக்க வேண்டும் என்பது சாஸ்திரம். எந்தச் சாஸ்திரம் என்று யாரும் கேட்கவில்லை. கணேஷ்குமார் ஃபாக்டரி பூஜைக்குப் போயிருந்தான். ஆகவே ஒரு பக்கம் தாரணி, மறுபக்கம் மல்லப்பன், இருவரும் தலைக்கு மேலே கையை உயர்த்தி ஷட்டரைத் தாங்கி நின்றார்கள். அதன் கீழே, நிழலில், தலைவர் பேசத் தொடங்கினார்.

"நடுவர் அவர்களே! மற்ற லேஅவுட்டுகளிலே பொருட்கள் கெட்டுப்போகின்றன. ஏன்? அங்கே கெட்டுப்போனால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையிலேதான் பொருட்கள் கெட்டுப்போகின்றன. நாங்கள் அந்த நம்பிக்கையைக் கொடுப்பதில்லை!"

கைத்தட்டல். மல்லப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்: "அக்கா, கை ஹோயித்து அக்கா."

"விட்டுராத மல்லப்பா. கீழ பொரித் தட்டு வச்சிருக்காங்க. புள்ளைங்க வருதுக."

உண்மையில் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். பொரிகடலைத் தட்டு ஷட்டருக்கு நேர்கீழே. வைஷாலி அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடலையைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். தாரணி அவள் உச்சி வகிட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

"எங்கள் ஷட்டர்களைப் பாருங்கள்!" தலைவர் கையை மேலே காட்டினார். "யாருடைய உதவியும் இல்லாமல் நிமிர்ந்து நிற்கின்றன!"

நடுவர் மேலே பார்த்தார். "இவங்க ரெண்டு பேரும் ஏன் கையைத் தூக்கிண்டு நிக்கறா?"

தலைவர் புன்னகை மாறாமல் சொன்னார்: "அது எங்க சங்கத்துச் சம்பிரதாயம் சார். அதிதி வந்தா ரெண்டு பேர் துவாரபாலகர் மாதிரி நின்னு மரியாதை பண்ணுவா."

நடுவர் நெகிழ்ந்துபோனார். புகைப்படக்காரனைக் கூப்பிட்டு, துவாரபாலகர்கள் இருவரும் தெரியும்படி ஒரு படம் எடுக்கச் சொன்னார். "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்றான் புகைப்படக்காரன். தாரணிக்கு வாய் கோணியது. அது சிரிப்பாகவே விழுந்தது. கேடயம் அந்த ஆண்டும் ஆணியை விட்டு இறங்கவில்லை.

தசரா லீவு முடிந்து பள்ளி திறந்தது. கணேஷ்குமாருக்குக் காலை ஷிப்ட். மல்லப்பனுக்குத் தோள் பிடித்துக்கொண்டு விடுப்பு. தாரணி தனியாகத் தூக்கினாள். சந்தனம் காய்ந்து பொடியாகி ஷட்டர் கையில் வழுக்கியது. தோளைக் கொடுப்பதற்குள், தெருவிலிருந்து ஒரு பை குலுங்கும் சத்தம். வைஷாலி. லீவு முழுக்கக் கிடைக்காத முன்சீட்டை நோக்கி, குனிந்து, ஒரே ஓட்டமாக உள்ளே பாய்ந்தாள்.

ஷட்டர் நழுவியது. யோசிக்க நேரமில்லை. தாரணி வலது கையை அடிப்பட்டிக்கும் தரைக்கும் நடுவே கொடுத்தாள்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாரணியின் மணிக்கட்டு இரண்டாக உடைந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டோடு வந்தவளை அந்த வாரக் கடைசியில் சங்கம் கூப்பிட்டு அனுப்பியது. அவசரக் கூட்டம். கணேஷ்குமாரும் கூட வந்தான். பாதி நாற்காலிகளில் கம்புகளும் கடப்பாரையும் உட்கார்ந்திருந்தன. அவற்றை நகர்த்தி இவர்களுக்கு இடம் செய்தான் மல்லப்பன். தலைவர் இரண்டு சாத்துக்குடிகளைத் தாரணியின் மடியில் வைத்தார்.

"சங்கம் உன்னைக் கைவிடலைம்மா. தொழில்நுட்ப ரீதியா ஆராய்ஞ்சிருக்கோம். ராமச்சந்திரன், சொல்லுங்கோ."

இராமச்சந்திரன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"ஷட்டருக்கு வேண்டிய பாகங்கள் என்ன? பட்டி, சேனல், பூட்டு, தூக்கற சக்தி. தூக்கற சக்தியை ஸ்பிரிங் கொடுக்கலாம், கையும் கொடுக்கலாம். ஆவணியிலேர்ந்து கொடுத்தது இந்தம்மாவோட கை. ஆகையாலே கைதான் பாகம். அன்னிக்குக் காலையிலே ஷட்டர் தன் வேலையைச் சரியாத்தான் பண்ணித்து. எறங்கணும், எறங்கித்து. கைதான் ஃபெயில்."

தாரணி தன் கையைப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குச் சந்தேகம் வந்தது. இன்னும் கொஞ்சம் உறுதியாகப் பிடித்திருக்கலாமோ?

"அப்படிப் பார்த்தா" என்று இராமச்சந்திரன் தொடர்ந்தார், "பழுதான பாகத்துக்கு மாவுக்கட்டுப் போட்டாச்சு. ரிப்பேர் முடிஞ்சுது. கேஸ் க்ளோஸ்."

தலைவர் திடுக்கிட்டார். "ரிப்பேரா? ரிப்பேர்னு எழுதினா ஷீல்டு என்ன ஆறது?"

அறையில் இருள் சூழ்ந்தது. மூவரும் கேடயத்தை ஏறிட்டுப் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் கை ஒடிந்த செய்தி கேட்டபோது அந்த முகங்களில் வராத துக்கம் இப்போது வந்தது. இராமச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

செந்தில்நாதன் மெல்ல எழுந்தார். வாழ்நாள் முழுக்க இந்த ஒரு நிமிடத்துக்காகக் காத்திருந்தவர் மாதிரி இருந்தது அவர் நின்ற நிலை.

"இது ரிப்பேரே இல்லை சார். டாக்டர் என்ன சொல்லியிருக்கார்? இந்தக் கையால இனிமே கனம் தூக்கக் கூடாது. அப்போ பாகம் டெட். என் டிபார்ட்மெண்ட்! சம்மேளனம் கணக்கெடுக்கறது ரிப்பேரை மட்டும்தான், ரீப்ளேஸ்மெண்டைக் கணக்கெடுக்கறதில்லை. அதனால பழைய கைக்குப் பதிலா இவங்க ஹஸ்பெண்டோட கையை நியமிக்கறோம். சங்க வரலாற்றுல முதல் ரீப்ளேஸ்மெண்ட்!"

"பேஷ்!" என்றார் தலைவர். "செலவும் இல்லை." மூவரும் கைதட்டினார்கள்.

கணேஷ்குமார் எழுந்தான். "ஏனுங்க சார், நாளைக்கு என் கையும் ஒடஞ்சா?"

"உங்களுக்கு ரெண்டு கை இருக்கே" என்றார் செந்தில்நாதன். "ஸ்பேர்."

தாரணி மடியிலிருந்த சாத்துக்குடிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவள் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"ஒண்ணு கேக்கறனுங்க சார். அந்தப் புள்ள கழுத்து உங்க டிராயிங்குல எங்க இருக்குது?"

"எந்தப் பிள்ளை?"

"வைஷாலி. அன்னைக்கு அடியில போனாளே. நான் கையைக் குடுக்காம இருந்திருந்தா?"

மூவரும் யோசித்தார்கள். நிஜமாகவே யோசித்தார்கள், அதுதான் கொடுமை. இராமச்சந்திரன் வரைபடத்தைக்கூட விரித்தார். கடைசியில் செந்தில்நாதன்தான் பதில் சொன்னார், அதே கருணையோடு:

"கழுத்து பாகம் இல்லைம்மா. அது தேர்ட் பார்ட்டி."

அதற்குமேல் தாரணிக்குத் தன்மேல் எந்தச் சந்தேகமும் இல்லை.

மறுநாள் முற்பகல், எல்லோரும் பார்க்க, ஜடையன் நான்கு ஆட்களோடு வந்தான். மல்லப்பன் விசிலை வாயில் வைத்தான். தாரணி மாவுக்கட்டுக் கையோடு வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஊதாமல் எடுத்துவிட்டான். "நான் டீ குடிக்கப் போறேன் அக்கா. ஸ்வல்ப லேட்டாகும்." ஜடையன் ஆட்கள் ஷட்டரை உருளையோடு கழற்றினார்கள். அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஐந்து பேரும் தெருவழியே நடந்தார்கள். "அரமனைக்குக்கூட இத்தனை மரியாதையாத் தூக்கிட்டுப் போனதில்லைங்க" என்றான் ஜடையன். மாலையும் பொட்டும் அப்படியே இருந்ததால் எதிரே வந்த சிலர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள்.

பம்ப் ரூம் வாசலுக்குக் குறுக்கே, நிலைப்படியை ஒட்டி, அதை இறக்கினார்கள். உள்ளே மூவரும் கேடயத்துக்குக் கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது?" தலைவர் எழுந்துவிட்டார்.

"உங்க ஷட்டருங்க சார். வீடு எங்களுது, ஷெட்டு எங்களுது, வண்டி எங்களுது. இது மட்டும் உங்களுதுன்னீங்க. உங்க சாமான் என் வீட்டுல எதுக்கு? ஒப்படைச்சுட்டேன்."

"ஷெட்டை கேன்சல் பண்ணிடுவோம்!"

"பண்ணிக்கங்க. வண்டி தெருவுலயே நிக்கும். ராத்திரி தெருவுல நிறுத்தக் கூடாதுன்னு ரூல்ஸு சொல்லிட்டு யாராவது தள்ள வந்தா வரட்டும். கொஞ்சம் கனமா இருக்கும்."

ஷெட்டை கேன்சல் செய்த நோட்டீஸ் வந்தது. வேன் வேப்பமரத்தடியில் தெருவிலேயே நின்றது. லட்சணம் அப்படியொன்றும் கெட்டதாகத் தெரியவில்லை. கை சேரும்வரை கணேஷ்குமார் மதிய ஷிப்டுக்கு மாறிக்கொண்டு காலை ட்ரிப்பை ஓட்டினான். தாரணி அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாசலிலும் இறங்கிப் பிள்ளைகளை இடக்கையால் ஏற்றிவிட்டாள். முன்சீட்டை அவள் பிடித்துக்கொண்டதில் வைஷாலிக்கு அவள்மேல் தீராத கோபம். மற்றபடி வேனில் ஒரு குறையும் இல்லை.

பம்ப் ரூம் வாசலில் ஷட்டர் குறுக்கே கிடக்கிறது. தலைவர் தினமும் பஞ்சகச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டுகிறார். இராமச்சந்திரன் பக்கவாட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறார். செந்தில்நாதனுக்கு முழங்கால் வலி, ஆகவே மல்லப்பன் கையைக் கொடுத்து இறக்கிவிடுகிறான். அதை அங்கிருந்து எடுத்துப் போடுவது ரிப்பேரா, ரீப்ளேஸ்மெண்டா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை.